அம்மா போகிற ஊர் எந்தப் பக்கம்?

பூகோளம் என்றால் என்ன? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மாநிலங்களின் பெயர், தலைநகரங்களின் பெயர், ஆறுகளின் பெயர் என்று அடுக்குவார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். பரீட்சையில் எழுத வேண்டும். மறுநாள் மறந்துவிட வேண்டும்!

இப்போது புத்தகங்களில் இதற்குப் புவியியல் என்று பெயர். பெயர் மாறிவிட்டது. பயம் மாறவில்லை.

"நானே இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். பிள்ளைக்கு நான் எப்படி பூகோளம் சொல்லித் தருவேன்?" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் எந்தப் பக்கம் கறுத்தால் மழை வரும்? ஏரிக்குத் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக வருகிறது? வேலை தேடிப் போனவர்கள் எந்த வழியாக, எந்த ஊருக்குப் போனார்கள்? இவை உங்களுக்குத் தெரியும். இவைதான் பூகோளம். புத்தகம் பிறகு வந்தது.

சின்னக் குழந்தைக்கு இதைச் சொல்லித் தரப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. குழந்தை எதைக் கேட்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம். கேள்வி எங்கே போகிறதோ, நாமும் அதன் பின்னால் போகலாம்.

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

தங்கவயல் வீடு

தங்கவயல் ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையும் தூரமில்லை. வீட்டில் தமிழ் பேசுவார்கள். கடையில் தெலுங்கு கேட்கும். பேருந்துப் பலகையில் கன்னடம் இருக்கும். 1880-ல் இங்கிலாந்திலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்து இங்கே தங்கச் சுரங்கம் தோண்டியது. கூலி வேலைக்கு வட ஆர்க்காடு, சித்தூர் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்தன. பாறையை உடைத்தவர்கள் அவர்கள்தான். தங்கம் கப்பலேறிப் போனது. நாடு விடுதலை அடைந்த பிறகு, 1956-ல், சுரங்கம் அரசின் கைக்கு வந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்குள் பெரிய வேலை இல்லை. விடியற்காலையில் ரயில் ஏறிப் பெங்களூரு போகிறார்கள். இரவு திரும்பி வருகிறார்கள். தினமும் இப்படித்தான்.

நாம் சொல்லும் வீட்டில் தாத்தா, ஆயா, அம்மா, இரண்டு பிள்ளைகள். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அம்மாவுக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. தினமும் போய் வருகிறாள். பெரியவன் கன்னடப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. சின்னவளுக்கு வயது ஐந்து.

அம்மா எழுத்தறிவு வகுப்பில் தமிழ் படித்தவள். மகனுடைய புத்தகமோ கன்னடத்தில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பாள். ஓர் எழுத்தும் புரியாது. அரையாண்டுப் பரீட்சையில் அவனுக்குப் பூகோளத்தில் மார்க் மிகவும் குறைந்துவிட்டது. "இதில நான் என்னத்தச் சொல்லித் தர்றது?" என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

சின்னவளின் கவலை வேறு. விடியும்போது அம்மா பக்கத்தில் இருக்கமாட்டாள். "அம்மா எங்க?" என்று அழுவாள். "பெங்களூரு போயிருக்கு" என்பாள் ஆயா. பெங்களூரு என்றால் என்ன? அது பக்கத்துத் தெருவா? ஆண்டர்சன்பேட்டை மாதிரியா? சின்னவளுக்குத் தெரியாது. ஒரு நாள் ரயில் மிகவும் தாமதமாகிவிட்டது. அம்மா வரும்போது ஊர் அடங்கிவிட்டது. சின்னவள் சாப்பிடாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "அம்மா தொலஞ்சு போச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

அம்மாவுக்கு அந்தச் சொல் தைத்துவிட்டது.

தரையில் ஓடிய ரயில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். வீட்டுத் தரையில் நீளமாக ஒரு கோடு போட்டாள். ஒரு முனையில் ஒரு தீப்பெட்டியை வைத்தாள். "இது நம்ம வீடு" என்றாள். மறு முனையில் ஒரு சொம்பை வைத்தாள். "இது பெங்களூரு."

"நடுவுல என்ன?" என்று கேட்டாள் சின்னவள்.

நடுவில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொரு கொட்டையும் ஒரு ரயில் நிலையம். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல். பிறகு பங்காருப்பேட்டை. அது பெரிய சந்திப்பு. ஆகவே அதற்கு மட்டும் இரண்டு கொட்டை. பிறகு டேக்கல், மாலூர். அதற்கப்புறம் அம்மாவுக்கே வரிசை தெரியவில்லை. இத்தனை வருடமாகப் போகிறாள். ஆனால் ரயிலில் ஏறியதும் தூங்கிவிடுவாள். கூட்டம் இறங்கும்போது இறங்குவாள்.

"எனக்குத் தெரியல. நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். தெரியாது என்று சொல்லப் பல பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். "பேசாம இரு, எல்லாம் பெரியவனானா தெரியும்" என்று குழந்தையின் வாயை அடைக்கிறார்கள். தெரியாது என்று சொல்வதில் குறைவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் இருப்பதுதான் குறைவு.

அம்மா அந்த வாரம் முழுவதும் ஜன்னல் ஓரம் நின்றாள். உடன் வருகிற பெண்களைக் கேட்டாள். நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிக்கொண்டாள். வகுப்பை விட்ட பிறகு அவள் தானாக எழுதியது அதுதான் முதல் தடவை. ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம், பெங்களூர் கிழக்கு, கண்டோன்மென்ட் என்று பெயர்கள் சேர்ந்தன. நடுவில் இருக்கும் சின்ன நிறுத்தங்களும் சேர்ந்தன.

பெயரோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு அடையாளம் சொன்னாள். டேக்கலில் பெரிய பெரிய பாறைக் குன்றுகள். அங்கே கல் உடைக்கும் வேலை நடக்கிறது. மாலூரில் செங்கல்லும் ஓடும் செய்கிறார்கள். ஒயிட்ஃபீல்டில் கண்ணாடி பதித்த உயரமான கட்டடங்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகள். கிருஷ்ணராஜபுரத்தில் கம்பிகளால் இழுத்துக் கட்டிய ஒரு பெரிய பாலம். மொத்தம் சுமார் 85 கிலோமீட்டர் பயணம்.

பார்த்தீர்களா? எந்த ஊரில் என்ன நிலம், அந்த நிலத்தில் என்ன தொழில் என்பது இதில் வந்துவிட்டது. பாறை இருக்கும் இடத்தில் கல் வேலை. களிமண் கிடைக்கும் இடத்தில் ஓட்டு வேலை. பெரிய வகுப்புகளில் இதையே பெரிய சொற்களில் சொல்கிறார்கள்.

சாயங்காலம் ஆனால் ஆயாவுக்கு ஒரு வேலை வந்தது. கடிகாரத்தைப் பார்ப்பாள். "இப்ப உங்கம்மா கண்டோன்மென்ட்ல ஏறியிருக்கும்" என்பாள். சின்னவள் ஒரு பொத்தானை அந்தக் கொட்டையின் மேல் வைப்பாள். அந்தப் பொத்தான்தான் அம்மா. பிறகு மாலூர். பிறகு பங்காருப்பேட்டை. "பங்காருப்பேட்டைல வண்டி நின்னுட்டா?" என்று ஒரு நாள் கேட்டாள். "நின்னாலும் அம்மா அங்கதானே இருக்கும்? இந்தா, இந்தக் கொட்டை மேல" என்றாள் ஆயா. சின்னவள் அந்தக் கொட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அழுகை ஒரே நாளில் நின்றுவிடவில்லை. மெல்லக் குறைந்தது. அம்மா தொலைந்து போகவில்லை. ஓர் இடத்தில் இருக்கிறாள். அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. வரைபடம் என்பது இதைத்தானே சொல்கிறது?

வடக்கு கூரையில் இருக்கிறதா?

கோடு போடும்போது அம்மா அறியாமலே ஒரு நல்ல காரியம் செய்தாள். பெங்களூரு இருக்கும் பக்கமாகவே சொம்பை வைத்தாள். தங்கவயலிலிருந்து பெங்களூரு மேற்கே இருக்கிறது. வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டிச் சொம்பு இருந்தது. முதல் வரைபடத்தை இப்படித்தான் போட வேண்டும். உண்மையான திசையில், தரையில் போட வேண்டும். காகிதத்தில் போட்டுச் சுவரில் மாட்டுவது பிறகு.

ஏன் என்று கேட்கிறீர்களா? பெரியவனைப் பாருங்கள். "வடக்கு எந்தப் பக்கம்டா?" என்று தாத்தா கேட்டார். அவன் கூரையைக் காட்டினான்! பள்ளிக்கூடத்தில் படம் சுவரில் தொங்குகிறது. படத்தின் மேல் பக்கம் வடக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவன் மேலே பார்த்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை.

தாத்தா சிரிக்கவில்லை. புத்தகத்தில் இருந்த இந்தியப் படத்தைத் தரையில் விரித்து வைத்தார். காலையில் சூரியன் வந்த பக்கமாகப் படத்தின் கிழக்கைத் திருப்பினார். "இப்பப் பாரு. படத்துல இமயமலை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் நடந்தா நெசமாவே இமயமலை வரும்" என்றார். பெரியவன் வாசலுக்கு ஓடிப் போய் அந்தப் பக்கம் பார்த்தான். எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

அம்மா ஒன்று கண்டுபிடித்தாள். காலையில் மேற்கே போகும்போது சூரியன் அவளுக்குப் பின்னால் இருக்கிறது. மாலையில் கிழக்கே திரும்பும்போதும் பின்னால்தான். போகும்போதும் வரும்போதும் வெயில் முகத்தில் அடிப்பதில்லை. "ஏன்?" என்று பிள்ளைகளைக் கேட்டாள். இருவரும் பொத்தானையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார்கள். நீங்களும் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்.

தாத்தாவின் நூல்

பெரியவனுக்கு ரயிலில் ஆசையில்லை. அவன் கண் எப்போதும் தாத்தாவின் பழைய சுரங்கத் தொப்பிமேல்தான். அதை எடுத்தால் திட்டு விழும். "அதை எடுத்து என்னடா பண்ணப் போற, போய்ப் படி" என்பார்கள். இதை என்னவென்று சொல்வது! பிள்ளை பூகோளத்தின் வாசலில் நிற்கிறான். நாம் போய்ப் படி என்று விரட்டுகிறோம்.

ஒரு நாள் அவன் கேட்டான். "தாத்தா, நீ எவ்வளவு ஆழம் போன?"

தாத்தாவுக்கு இருமல் அதிகம். பாறைத் தூசி நெஞ்சில் தங்கிப்போனதால் வந்த இருமல். நீளமாகப் பேசமாட்டார். ஒரு நூல் உருண்டை கொண்டுவரச் சொன்னார். "ஒரு விரல் அகலம் 100 மீட்டர்னு வெச்சிக்கோ" என்றார். அவன் விரலை வைத்து வைத்து நூலை அளந்தான். பத்து விரல், இருபது விரல், முப்பது விரல். முப்பத்திரண்டில் நிறுத்தச் சொன்னார். சாம்பியன் சுரங்கம் ஏறக்குறைய 3,200 மீட்டர் ஆழம். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று.

டில்லியில் இருக்கும் குதுப் மினார் 73 மீட்டர் உயரம். இந்த நூலில் அது ஒரு விரல் அகலம்கூட வராது. நீலகிரியில் உள்ள தொட்டபெட்டா சிகரம் கடல் மட்டத்திலிருந்து 2,637 மீட்டர். அதற்கு இருபத்தாறு விரலும் இன்னும் கொஞ்சமும் வரும். சுரங்கத்தின் நூல் அதைவிட நீளம். பெரியவன் நூலைத் தொங்கவிட்டபடி நின்றான். "நீ இதுக்குள்ளயா போன?" என்றான். தாத்தா தலையாட்டினார். அன்று அவர் முகத்தில் தெரிந்த களையை வீட்டில் வெகு நாளாக யாரும் பார்த்ததில்லை.

கேள்விகள் அதோடு நிற்குமா? "கீழ குளிருமா?" என்றான். குளிராது. மலை மேலே போகப் போகக் குளிரும். பூமிக்குள் போகப் போகச் சுடும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அதனால் மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பினார்கள். "மெஷின் ஓட கரென்ட் ஏது?" என்றான். அதற்கும் ஒரு பூகோளம் உண்டு. காவிரி ஆறு சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. அங்கே 1902-ல் மின்சாரம் தயாரித்தார்கள். சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். முதலில் தங்கத்துக்கு வெளிச்சம், பிறகுதான் மனிதருக்கு.

சின்னவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக மேடுகள் இருக்கின்றன. அவற்றைக் காட்டி, "அது மலையா?" என்றாள். மலை இல்லை. சுரங்கத்துக் கல்லைப் பொடியாக்கி, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண். தாத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் பூமிக்குள்ளிருந்து எடுத்த கல்தான் வெளியே மேடாக நிற்கிறது. மலையை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கின. இந்த மேட்டை மனிதர்கள் சுமார் நூற்றிருபது ஆண்டில் குவித்தார்கள். மலையில் மரம் வளரும். இதில் செடிகூடச் சரியாக வளராது. காற்றடித்தால் தூசி பறந்து வீட்டுக்குள் வரும். அந்த மேட்டில் பிள்ளைகளை விளையாட விடக் கூடாது. இதையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆயாவின் ஆறு

குழாயில் தண்ணீர் வராத ஒரு நாள். குடங்களோடு வரிசையில் நிற்கும்போது சின்னவள் கேட்டாள். "தண்ணி எங்க இருந்து வருது ஆயா?"

ஆயா அந்தக் காலத்துக் கதையைச் சொன்னாள். சுரங்கம் நடந்தபோது பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தங்கவயலுக்குத் தண்ணீர் வந்தது. அந்த ஏரிக்குத் தண்ணீர் தருவது பாலாறு.

"பாலாறு எங்க இருந்து வருது?"

நந்தி மலைப் பக்கமிருந்து வருகிறது. தாத்தா வேலை பார்த்த சுரங்கங்களில் ஒன்றுக்கு நந்திதுர்க்கம் என்று பெயர். அந்தப் பெயரும் இந்த மலையின் பெயர்தான். இது தெரிந்ததும் பெரியவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஆறு எங்க போவுது?"

ஆயாவின் முகம் மாறியது. "என் ஊருக்குத்தான் போவுது" என்றாள். அவள் பிறந்தது வாணியம்பாடிக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில். கல்யாணமாகித் தங்கவயலுக்கு வந்தவள். பிள்ளைகளுக்கு அதுவரை இது தெரியாது. பேத்தமங்கலத்தைத் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்து, குப்பம் பக்கமாகப் போய், பிறகு தமிழ்நாட்டுக்குள் வருகிறது பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் பக்கமாக ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, மீதி 222 தமிழ்நாட்டில்.

"அப்ப இங்க ஒரு காகிதக் கப்பல் விட்டா உங்க ஊருக்குப் போவுமா?" என்றாள் சின்னவள்.

போகாது. ஆற்றில் பல நாளும் மணல்தான் இருக்கிறது. ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோது மணலைக் கையால் தோண்டினால் ஊற்று வரும். குடத்தில் மொண்டு தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். பிறகு மணலை அள்ளினார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து ஊற்று கெட்டது. அந்தக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் பாலாற்றில் கரை தொட்டு வெள்ளம் போனது. "அப்ப கப்பல் விட்டிருக்கலாம்" என்றாள் ஆயா. சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று தெரியவில்லை.

ஆறு ஏன் அந்தப் பக்கம் போகிறது? இந்தக் கேள்வியைப் பெரியவன் கேட்டான். அம்மா வாசலில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடியது. நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று தண்ணீருக்குத் தெரியும். தென்னிந்தியாவில் மேற்கே மலைத்தொடர் உயர்ந்து நிற்கிறது. கிழக்கே நிலம் சரிகிறது. அதனால் பாலாறு, காவிரி, கிருஷ்ணா, கோதாவரி எல்லாம் கிழக்கே ஓடி வங்காள விரிகுடாவில் விழுகின்றன. வடக்கே நர்மதையும் தபதியும் மேற்கே ஓடுகின்றன. அங்கே நிலத்தின் அமைப்பு வேறு.

பிறகு மண்ணைக் குவித்து ஒரு மேடு செய்தார்கள். "இது நந்தி மலை." உச்சியில் தண்ணீர் ஊற்றினார்கள். நாலு பக்கமும் ஓடியது. உண்மையான நந்தி மலைத் தொடரிலும் இப்படித்தான். ஒரு பக்கம் பாலாறு. ஒரு பக்கம் தென்பெண்ணை. அது கடலூர் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. ஒரு பக்கம் வட பெண்ணை. அது நெல்லூர் பக்கம் போகிறது. இன்னொரு பக்கம் அர்க்காவதி. அது காவிரியில் கலக்கிறது. ஒரே மழை, நாலு வழி. கடைசியில் ஒரே கடல்.

பெரியவன் தன் கன்னடப் புத்தகத்தை எடுத்து வந்தான். படத்தில் நீலக் கோடுகளைக் காட்டி ஒவ்வொரு பெயராகக் கன்னடத்தில் படித்தான். அம்மா அதைக் கேட்டுத் தமிழில் எழுதினாள். அந்தப் புத்தகத்தை அவளால் படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் படத்தில் உள்ள கோட்டுக்குக் கன்னடமும் இல்லை, தமிழும் இல்லை. "இது பாலாறு, இது பெண்ணையாறு" என்று அவளே விரல் வைத்துக் காட்டினாள்.

முழுப் பரீட்சையில் அவன் மார்க் தலைகீழாக மாறிவிடவில்லை. தலைநகரங்களில் இன்னும் தப்பு வந்தது. ஆனால் ஆறுகள் ஏன் கிழக்கே ஓடுகின்றன என்ற கேள்விக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தான்.

சில சொற்கள் பெரியவர்களுக்கு

பிள்ளைக்கு லாரி பிடிக்குமா? நல்லது. சாலையோரம் பத்து நிமிடம் நில்லுங்கள். எண் பலகையின் முதல் இரண்டு எழுத்து மாநிலத்தைச் சொல்லும். கே.ஏ. என்றால் கர்நாடகம். டி.என். என்றால் தமிழ்நாடு. ஏ.பி. என்றால் ஆந்திரம். தெலங்கானா 2014-ல் தனி மாநிலமானது. அதன் வண்டிகளுக்கு முதலில் டி.எஸ். என்று போட்டார்கள். 2024 முதல் டி.ஜி. எம்.ஹெச். என்று ஒரு லாரி வெங்காயம் ஏற்றி வந்தால், மகாராஷ்டிரம் எங்கே என்று படத்தில் தேடலாம். கடிதம் வந்தால் பின்கோடு எண்ணைப் பாருங்கள். கர்நாடகத்துக்கு முதல் எண் 5. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. டீத்தூள், உப்பு, பருப்புப் பாக்கெட்டில் எந்த ஊரில் செய்தது என்று அச்சிட்டிருக்கும். படித்துக் காட்டுங்கள். உங்களுக்கும் படிக்கப் பழக்கமாகும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊட்டிவிடாதீர்கள். லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் இருபத்தெட்டு மாநிலங்களின் பெயரையும் சொல்லத் தொடங்கினால், நாளைக்கு அவன் லாரியையே பார்க்கமாட்டான். அவன் கேட்டது ஒரு கேள்வி. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அடுத்த கேள்வி தானாக வரும். இரண்டு நாள் வராவிட்டாலும் பரவாயில்லை.

சொன்னதைத் திருப்பிச் சொல் என்று உடனே பரீட்சை வைக்க வேண்டாம். உறவினர் வந்தால் அவர்கள் முன்னால் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லவும் வேண்டாம். ஊரில் இது நிறைய நடக்கிறது. பிள்ளைக்குப் பெருமை வருவதைவிட நடுக்கம்தான் அதிகம் வருகிறது.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் வந்த வழியைத் தரையில் கோடாகப் போடுங்கள். பஞ்சமா, கல்யாணமா, கூலி வேலையா என்று காரணத்தையும் அந்தக் கோட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு வாசலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது? அந்தப் பக்கம் என்ன ஓடை, என்ன ஏரி, என்ன ஆறு இருக்கிறது? அது எந்த ஊர்களைத் தாண்டிப் போகிறது? பிள்ளைகளோடு சேர்ந்து பெயர்களை எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் வெளியூர் போய் வேலை செய்பவர் யார்? அவர் போகும் வழியைத் தரையில் வரையுங்கள். நடுவில் உள்ள ஊர்கள் தெரியாவிட்டால், அவர் அடுத்த முறை வரும்போது கேட்டு எழுதுங்கள்.